பேர் சொல்லிக் கூப்பிட்ட பட்டறைக்கல்

பிரம்மசக்தி தன் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் பட்டறைக்கல்லை நிறுத்தி முதல் அடி அடித்தது ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அந்த ஒரு அடிக்குக் கயிற்றுக்காரத் தெருவின் நாற்பத்தொரு வீட்டு ஆட்களும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, யாரோ தங்களைக் கூப்பிட்டதற்காகத் திரும்பிப் பார்த்தார்கள். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அருளானந்தம் சார், இறந்து பதினெட்டு வருஷமான தன் அம்மா அடுக்களையிலிருந்து "பொடிக்கண்ணு" என்று கூப்பிடுவதைக் கேட்டு, "வந்துட்டேம்மா" என்று எழுந்து நடந்தார். அந்தப் பெயர் உயிரோடு இருக்கிற வேறு யாருக்கும் தெரியாது என்பது பாதி வழியில்தான் அவருக்கு நினைவு வந்தது. டீக்கடை சுடலைக்கண்ணு, கோபித்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறிய தம்பி "அண்ணே" என்றதைக் கேட்டு, ஆற்றிக்கொண்டிருந்த டீயைத் தன் கால்மேலேயே ஊற்றிக்கொண்டார். செல்லக்கிளிக்குக் குவைத்தில் இருக்கிற மகனின் குரல் கேட்டது. தொலைபேசியில் வருகிற இப்போதைய குரலாக இல்லாமல், பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வாசலிலேயே எறிந்துவிட்டு "எம்மா" என்று கத்துகிற பழைய குரலாக இருந்தது. மூன்று வீடு தள்ளிக் குடியிருந்த ரெமிஜாவுக்கு, நாலு வருஷத்துக்கு முன்னால் கடலில் மூழ்கி உடம்பாகக் கரைக்கு வந்த புருஷன் கஸ்பார், "ரெமீ" என்று கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிட்டான். அவள் நெத்திலி காயப்போட்டிருந்த சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிரம்மசக்தி இரண்டாவது அடி அடித்தாள். தெரு இரண்டாவது முறை கூப்பிடப்பட்டது. மத்தியானத்துக்குள் கூப்பிடுவது கல்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. சாயங்காலத்துக்குள், நாளைக்கும் அடிப்பாளா என்பது மட்டும்தான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வியாக மிஞ்சியிருந்தது.

கல் என்பது பெயர்தான், முழுக்க இரும்பு. பழைய கப்பல்களை உடைக்கிற இடத்தில், கப்பலோடு கப்பலாகத் துண்டுபட்டுப் போயிருக்க வேண்டியதை, அவளே போய்ப் பார்த்து, தட்டிப் பார்த்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஆறு பேர் சேர்ந்து இறக்கினார்கள். கொட்டகை நடுவில் இடுப்பளவு குழி தோண்டி, புளியமரத் தூர் ஒன்றை அதில் நட்டு, சுற்றிலும் கடல் மணலை நனைத்து நனைத்து இடித்துக் கெட்டித்து, தூரின் தலையை இழைத்துச் சமமாக்கி, அதன்மேல் கல்லை உட்கார வைத்து, நாலு பக்கமும் இரும்புப் பட்டை வளைத்து ஆணி அறைந்தாள். நேராக நின்று கையைத் தொங்கவிட்டு மடக்கினால் விரல் முட்டிகள் கல்லின் முகத்தைத் தொட வேண்டும், அதுதான் அடிக்கிறவருக்கு உரிய உயரம். அந்த வீட்டில் அதற்கு முன்னால் இருந்த கல் அவள் புருஷனின் கைக்கு அளந்தது, இது அவள் கைக்கு அளந்தது.

புருஷனைத் தெருவில் எல்லோரும் ஆசாரி என்றுதான் சொன்னார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால், தெற்கே ஏதோ ஒரு தீவில் படகு கட்டுகிற இடத்தில் ஆறு மாத வேலை என்று, பழைய பட்டறைக்கல்லையும் சுத்தியல்களையும் இரும்பைப் பிடிக்கிற கொறடுகளையும் தோணியில் ஏற்றிக்கொண்டு அவர் போனார். தோணி போய்ச் சேர்ந்தது, வெங்காயமும் செங்கல்லும் இறங்கின. ஆசாரி இறங்கினாரா என்பதைத் தோணியில் போன இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். இறங்கி, கல்லை ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தேன் என்றான் ஒருவன். மூன்றாம் நாள் காற்றில் பாய் கட்டப் போனவர் திரும்பி வரவில்லை என்றான் இன்னொருவன். பிரம்மசக்தி தாலியைக் கழற்றவும் இல்லை, பூ வைப்பதை நிறுத்தவும் இல்லை. இறால் கொட்டகையில் ஆறு வருஷம் இறால் உரித்தாள், ஐஸ் தண்ணீரில் விரல்கள் வெந்து தோல் உரிந்தபோது, பதினொரு வருஷம் புருஷனுக்கு எதிரே நின்று சம்மட்டி அடித்த கை தனக்கு இருப்பது ஞாபகம் வந்து, போய் அந்தக் கல்லைக் கொண்டுவந்தாள். நங்கூரக் கொக்கி, படகு ஆணி, உளி, கத்தி என்று அந்த ஊர்க் கடற்கரையில் இரும்பு வேலைக்குக் குறைவு கிடையாது.

தெரு அந்தக் கல்லுக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. காலை பத்திலிருந்து பன்னிரண்டு, பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து என்று அடிக்கிற நேரம் தெரிந்தவுடன், பத்து மணிக்குள் மாவு ஆட்டி முடித்துவிடுவது என்றும், அந்த நேரத்தில் தொலைக்காட்சிப் பெட்டியை யாரும் போடுவதில்லை என்றும், காய்கறி வண்டிக்காரர் தெருமுனையிலேயே நின்று கையை மட்டும் ஆட்ட வேண்டும் என்றும், யாரும் கூட்டம் போட்டுப் பேசாமலே ஏற்பாடாகிவிட்டது. குழந்தைகளுக்கு வெறும் டங் சத்தம்தான் கேட்டது, ஏனென்றால் அவர்கள் இன்னும் யாரையும் தொலைத்திருக்கவில்லை. கப்பலில் வேலை பார்க்கிறவரின் மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், ஒருத்தி மட்டும் ஒவ்வொரு அடிக்கும் வாசலுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். பக்கத்துத் தெருக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள், பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள், வந்தவர்களுக்குச் சுடலைக்கண்ணு டீ கொடுத்தார். கோயில் பூசாரியும் மாதா கோயில் சாமியாரும் தனித்தனியாக வந்து கேட்டார்கள், தனித்தனியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். இரும்பு இருந்தால்தானே அடிப்பாள் என்று ஆளுக்கொரு வேலை கொண்டுவந்தார்கள். அருளானந்தம் சார் வீட்டில் அரிவாள்மணை ஐந்து சேர்ந்தது, தோட்டமே இல்லாத செல்லக்கிளி மண்வெட்டி மூன்று அடித்துக்கொண்டாள், சுடலைக்கண்ணு கடையின் ஒரே ஒரு கதவுக்கு எட்டுக் கொண்டி ஆயிற்று.

கூப்பிடுகிறவர்கள் உயிரோடு இருப்பவர்களா இறந்தவர்களா என்பதைக் கல் பிரித்துக் காட்டவில்லை. செத்தவரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், பம்பாயில் இருப்பவரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதனால் தெருவில் யாரும் தெளிவடையவில்லை, யாரும் நம்பிக்கை இழக்கவும் இல்லை. ஏக்கம் மட்டும், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் தண்ணீர் ஊற்றி வளர்க்கிற செடியைப் போல, ஒவ்வொரு வீட்டிலும் கூரை தட்டுகிற அளவுக்கு வளர்ந்தது. சோறு குழைந்தது. வலைகள் பின்னப்படாமல் கிடந்தன. செல்லக்கிளியின் மகன் குவைத்திலிருந்து கூப்பிட்டால் அவள் எடுப்பதை நிறுத்திவிட்டாள். அவன் தொலைபேசியில் வேலையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசினான், கல்லில் அவன் அவளைத் தேடி வந்தான்.

பிரம்மசக்தியிடம் எல்லோரும் ஒரு முறையாவது கேட்டார்கள், ஆசாரி என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று. அவள் சிரித்துக்கொண்டே, கூப்பிடுகிறார், கூப்பிடுகிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு உலையைக் கிளறினாள். அது பொய். முதல் அடியிலிருந்து அவளுக்கு இரும்புச் சத்தம்தான் கேட்டது. ஓங்கி அடித்துப் பார்த்தாள், மெல்ல அடித்துப் பார்த்தாள், கல்லின் கூர்மூக்கில், விளிம்பில், நடுவில் என்று இடம் மாற்றிப் பார்த்தாள். தெருவே கண் கலங்கித் திரும்புகிற ஒவ்வொரு அடியிலும் அவளுக்கு மட்டும் கல் கல்லாகவே இருந்தது. ஒருவேளை தனக்கு அவர்மேல் ஏக்கம் தீர்ந்துபோயிற்றோ, ஆறு வருஷ ஐஸ் தண்ணீரில் அதுவும் மரத்துப்போயிற்றோ என்று அவள் பயந்தாள். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்ல முடியாது என்பதால், நாளைக்குக் கேட்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வேலை இல்லாத நாளிலும் பழைய கம்பியைக் காய்ச்சி அடித்தாள்.

பத்து மாதம் இப்படிப் போன பிறகு, ஒரு நாள் மத்தியானம், அடி ஓய்ந்திருந்த நேரத்தில் ரெமிஜா கொட்டகைக்கு வந்தாள். முப்பத்தொரு வயது, மீன் கொட்டகையில் வேலை. பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கிற தொண்டை அவளுக்கு. அன்றைக்கு அவள் வாசல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐஸ் ஆலையில் வேலை பார்க்கிற தொம்மை அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருப்பதும், அவன் நல்லவன் என்பதும், அவளும் சரி என்று சொல்லி, உயிர்த்த ஞாயிறு கழிந்து கோயிலில் கல்யாணம் என்று நாள் பார்த்திருப்பதும் பிரம்மசக்திக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்து, உட்காரச் சொன்னாள்.

"யக்கா, இந்தக் கல்லை அடக்க முடியுமா?" என்றாள் ரெமிஜா.

"அடக்குறதுன்னா?"

"வேலையை விடச் சொல்லல. சத்தத்தை மட்டும்."

முடியும் என்று பிரம்மசக்திக்குத் தெரியும். இரும்பு பாடுவது அது நடுங்குவதால். நடுக்கத்தைப் பிடித்து நிறுத்தினால் பாட்டு நிற்கும். எந்த ஆசாரி வீட்டிலும் தெரிந்த விஷயம். ஆனால் மாட்டேன் என்றுதான் சொன்னாள், அதுவும் யோசிக்காமல், உடனே.

ரெமிஜா கோபப்படவில்லை. தொம்மை எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது கஸ்பார் கூப்பிடுகிறான் என்று சொன்னாள். பஞ்சு வைத்துப் பார்த்ததை, மெழுகு வைத்துப் பார்த்ததை, மூன்று மைல் தள்ளி அக்கா வீட்டில் போய் இருந்ததை, அங்கேயும் காற்று இந்தப் பக்கத்திலிருந்து வீசிய நாளில் அவன் வந்து நின்றதை எல்லாம் சொன்னாள். அவன் கோபமாகக் கூப்பிட்டிருந்தால்கூட, ஏன் இன்னொருத்தனைக் கட்டுகிறாய் என்று கேட்டிருந்தால்கூட, பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன், அவன் கரைக்கு வந்ததும் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறான் என்றாள்.

"உங்களுக்கும் ஆசாரி குரல் கேக்குல்லா. நீங்க எப்படிக்கா தாங்குதீய?"

பிரம்மசக்தி இரும்பு பிடிக்கிற கொறடை எடுத்துச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினாள். திரும்ப எடுத்து வேறு ஆணியில் மாட்டினாள்.

"எனக்குக் கேக்கல," என்றாள்.

"என்ன கேக்கல?"

"அவுக குரலு. மொத நாள்லேருந்தே எனக்கு இரும்பு சத்தந்தான் கேக்கு. ஊருக்குப் பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

ரெமிஜா கல்லுக்குப் பக்கத்தில் வந்தாள். பிறகு, அடிக்கிற கைக்குக் கேட்காதோ என்னவோ, கேட்கிற இடத்தில் போய் இருந்தால்தானே கேட்கும் என்று சொல்லி, தானே சுத்தியலை எடுத்தாள். பிரம்மசக்தி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, வேறு யார் குரலாவது வந்துவிட்டால் என்ன செய்வது, ஒரு குரலுமே வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்றாள். ரெமிஜா அந்தக் கையை மெல்ல விடுவித்து, அவளை அடுக்களைக்குப் போகச் சொன்னாள்.

பிரம்மசக்தி போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். கொட்டகையில் சுத்தியல் விழுந்தது. தெருவில் எல்லோரும் அந்த நேரமில்லா நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். பிரம்மசக்திக்கு டங் என்று கேட்டது, இரும்புதான். தொடர்ந்து, இன்னொரு டங், முதலாவதை விடச் சின்னதாக.

"ஒரு அடி போதும்டி, ஏன் ரெண்டு அடிச்ச?"

"ஒண்ணுதான்க்கா அடிச்சேன்."

"இன்னொண்ணு அடி."

ரெமிஜா அடித்தாள். டங், பிறகு அந்தச் சின்ன டங். பிரம்மசக்தி எழுந்துவிட்டாள். எழுந்தபோதுதான் தான் எழுந்தது அவளுக்குத் தெரிந்தது, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருப்பதும், கால் கொட்டகையைப் பார்த்துத் திரும்பியிருப்பதும் தெரிந்தது. ஆசாரி அவளைக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு முறைகூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏய் என்றோ இந்தா என்றோ கூப்பிட்டதும் இல்லை, கூச்சக்காரர். இரும்பு பழுத்து, சம்மட்டிக்கு ஆள் வேண்டும் என்றால், சின்னச் சுத்தியலால் கல்லின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாலும் கோலம் போட்டுக்கொண்டிருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு போய் அவருக்கு எதிரே நிற்பாள். பதினொரு வருஷமும் அவர் அவளை அப்படித்தான் கூப்பிட்டார், சாப்பிட உட்காரும்போதுகூட. அந்தப் பத்து மாதமும் தான் அடிக்கும்போதெல்லாம் இரண்டாவதாகக் கேட்டதைச் சுத்தியலின் துள்ளல் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கொட்டகை வாசலில் ரெமிஜா சுத்தியலோடு நின்றாள். வந்ததா என்று கேட்டாள். பிரம்மசக்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு இருபது நாள், மீன் கொட்டகையிலிருந்து திரும்புகிற வழியில் ரெமிஜா வந்து பத்து அடி அடித்துவிட்டுப் போனாள். அவளாகத்தான் சொன்னாள், நான் அடிக்கிறேன் என்று. கல்லை அடக்குவது பற்றி அவளும் பேசவில்லை, பிரம்மசக்தியும் பேசவில்லை. பிரம்மசக்தி அந்த இருபது நாளும் அடுக்களையில் உட்கார்ந்து கூப்பிடப்பட்டாள். ஒவ்வொரு தட்டுக்கும் எழுந்தாள், எழுந்து நாலு எட்டு வைத்தாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தாள். மறந்துபோயிருந்த புளிச்சாற்றை வைத்துச் சாப்பிட்டாள். தெருவில் பார்த்தவர்கள் அவளுக்கு வயது குறைந்துவிட்டது என்றார்கள்.

இருபத்தொன்றாம் நாள், தட்டுகிற சத்தம் கேட்டு எழுந்தவள் நாலு எட்டோடு நிற்காமல் கொட்டகைவரைக்கும் போய்விட்டாள். ரெமிஜா அவளைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், கழுத்தெலும்பு தெரிகிற அளவுக்கு இளைத்திருந்தாள், சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒவ்வொரு முறை அது விழும்போதும் அவள் தணிந்த குரலில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "இல்ல. இல்ல, கஸ்பார். இல்ல."

பிரம்மசக்தி போய்ச் சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் டீக்கடை முன்னால் தெரு கூடியது, அவள்தான் கூட்டினாள். ரெமிஜா படுகிற பாட்டைச் சொல்லி, கல்லை அடக்கப் போகிறேன் என்றாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ரெமிஜாதானே கல்யாணமாகிப் போகிறவள், தொம்மையோடு வேறு ஊரில் போய் இருக்கட்டும் என்று ஒருவர் சொன்னார். அவள் பிறந்த தெரு இது, அவள் எதற்குப் போகணும் என்று சுடலைக்கண்ணு கேட்டார், கேட்டுவிட்டு, ஆனாலும் அடக்காதே என்று அவரே பிரம்மசக்தியிடம் கெஞ்சினார். செல்லக்கிளி தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் அருளானந்தம் சார் எழுந்தார். எழுபது வயது அவருக்கு.

"கல்லு உன்னுது தாயி, ஒத்துக்கிடுதேன்," என்றார். "சத்தம் தெருவுது."

"தெருவுதுதான் சார்," என்றாள் பிரம்மசக்தி. "ரெமிஜாவும் தெருதான?"

அவர் உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை வரைக்கும் விட்டு வை என்று மட்டும் கேட்டுக்கொண்டார், அதற்கு அவள் சம்மதித்தாள்.

அந்தச் சனிக்கிழமை, தொம்மை ரெமிஜாவைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு, எந்தக் காற்றுக்கும் எட்டாத தூரத்தில் இருந்த தன் சித்தி வீட்டுக்குப் போய்விட்டான். பிரம்மசக்தி உலை மூட்டவில்லை. வெறும் கல்லின் முகத்தில் சுத்தியலை அடிப்பது தொழிலில் தப்பு, கல்லுக்கும் சேதம், சுத்தியலுக்கும் சேதம். அன்றைக்கு அந்தத் தப்பைச் செய்தாள். காலையிலிருந்து வீட்டுக்கு வீடு வந்து நின்றார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு அடி என்று பேச்சு, ஆனால் ஒவ்வொரு அடியும் எல்லோருக்கும்தான் கேட்டது. ஆனாலும் தங்கள் அடிக்குத் தாங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நின்றார்கள், குளித்து, நல்ல துணி உடுத்து, சிலர் பூ வைத்து. சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். சிலர் கல்லையே பார்த்தார்கள், வாய் திறக்குமோ என்பது போல. இரண்டாம் வகுப்புப் பெண்குழந்தை தன் முறை வந்தபோது வாசலுக்கு ஓடவில்லை, கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. அடி விழுந்தபோது அதன் உடம்பு முழுக்க நடுங்கியது, குழந்தை சிரித்தது.

கடைசியாக அருளானந்தம் சார் மிஞ்சினார். தன் அடியைக் கேட்டு முடித்து, கொட்டகையை விட்டுப் போகாமல் நின்றார். பிரம்மசக்தி சுத்தியலை அவரிடம் நீட்டி, எனக்கு ஒரு அடி அடிப்பீர்களா என்று கேட்டாள். அவருக்குக் காரணம் புரியவில்லை, ஆனால் வாங்கிக்கொண்டார். அவள் உள்ளே போய், அடுக்களைத் தொட்டியில் அரிசியைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் களைய ஆரம்பித்தாள். சாரின் மெலிந்த கைக்கு அந்தச் சுத்தியல் கனம். தூக்கி, தடுமாறி, ஒரு அடி அடித்தார். பிரம்மசக்தி அரிசியை விட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுக்களையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, கொட்டகைக்கு வந்து, கல்லுக்கு எதிர்ப்பக்கத்தில், பதினொரு வருஷம் நின்ற பக்கத்தில் போய் நின்றாள். சார் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினாள். முதலில் பழைய படகுச் சங்கிலி ஒன்றைக் கல்லின் இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி, தட்டிப் பார்த்தாள். தெருவில் எல்லோருக்கும் அவரவர் ஆள் பக்கத்து அறையிலிருந்து, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டது போலக் கேட்டது. பிறகு சுடலைக்கண்ணுவும் இன்னும் ஐந்து பேரும் கல்லைத் தூக்கிப் பிடிக்க, தூருக்கும் கல்லுக்கும் நடுவில் ஈயத் தகடு விரித்து, காய்ச்சிய தாரில் மணலைக் குழைத்துப் பூசி, மேலே உட்கார வைத்துப் பட்டைகளை இறுக்கினாள்; இப்போது தட்டியபோது, பெயர் போய்விட்டது, பெயரைச் சொல்ல இழுக்கிற மூச்சு மட்டும் கேட்டது. தூக்கிப் பிடித்த ஆறு பேரும் அழுதுகொண்டேதான் தூக்கினார்கள், ஆனால் ஒருவரும் கையை விடவில்லை. மாதா கோயிலில் கழற்றிப் போட்டிருந்த ஒலிபெருக்கியின் காந்தத்தைச் சாமியார் கொடுத்தனுப்பியிருந்தார். அதைக் கல்லின் வால்பக்கத்து அடியில் ஒட்ட வைத்தாள். அது தானாகவே பற்றிக்கொண்டது. சுத்தியலை எடுத்துக் கல்லின் நடு முகத்தில் ஓங்கி அடித்தாள்.

தொப் என்றது. தெருவில் யாரும் திரும்பவில்லை.

முதல் வாரம் தெரு சாவு வீடு மாதிரி இருந்தது. பத்து மணிக்கு எல்லோரும் வழக்கம்போலத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்கள், தொப் தொப் என்ற சத்தத்தைக் கேட்டார்கள், சிலர் மறுபடி அழுதார்கள், சிலர் பிரம்மசக்தியைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு குடும்பங்கள் வீட்டையே காலி செய்துகொண்டு போய்விட்டன. பிறகு ஒரு நாள் பத்தரை மணிக்கு யார் வீட்டிலோ மாவாட்டுகிற சத்தம் கேட்டது. காய்கறி வண்டிக்காரர் கத்திக்கொண்டே தெருவுக்குள் வந்தார். செல்லக்கிளியின் தொலைபேசி ஒலித்தது, நிற்கிறவரைக்கும் ஒலித்தது, மறுபடியும் ஒலித்தபோது அவள் எடுத்தாள். மகன் முதலில் அழுதான், பிறகு அங்கே வெயிலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான், அவள் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள். சுடலைக்கண்ணு கடையை நாலு நாள் பூட்டிவிட்டுப் பம்பாய்க்குப் போய்வந்தார். தம்பி கிடைத்தானா என்று கேட்டவர்களிடம், இல்லை, ஆனால் தேடினேன் என்றார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து ரெமிஜாவுக்கும் தொம்மைக்கும் கல்யாணம் நடந்தது. பிரம்மசக்தி போனாள், முன் வரிசையில் உட்கார்ந்தாள். சாமியார் கேட்ட கேள்விக்கு ரெமிஜா சம்மதம் என்று சொன்ன பதில், பழையபடி, கோயில் வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் கேட்டது. வெளியே வந்தபோது ரெமிஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொன்னாள். பிரம்மசக்தி சாப்பிட்டாள்.

கல்லின் மேல் வேலை நடந்தது, நன்றாகவே நடந்தது. நடுக்கம் இல்லாத கல்லில் அடிப்பது தோளுக்குச் சுகம், காதுக்கும் சுகம். அவள் தன்னந்தனியாக நங்கூரம் அடித்தாள், சங்கிலிக் கண்ணி அடித்தாள், கடற்கரையில் அவள் வேலைக்குப் பேர் கிடைத்தது. கொட்டகைக்கு அந்தப் பக்கம் ஒரு முள்வேலி, அதற்கு அந்தப் பக்கம் கடல்.

ஆனி மாதம் ஒரு நாள், காற்று எழும்பிய ஒரு பிற்பகலில், அவள் ஒரு கொக்கியை வளைத்து முடித்துத் தண்ணீரில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, அத்தனை மாதமும் கூப்பிட்டதெல்லாம் அங்கிருந்து இங்கே என்பதும், வந்துட்டேன் என்றும் இல்லை என்றும் இங்கிருந்து பதில் சொன்னவர்கள் உண்டே தவிர, தானாக ஒருவரும் அங்கே கூப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதும் அவளுக்குத் தோன்றியது. சுத்தியலைக் கீழே வைத்தாள். வேலி ஓரம்வரைக்கும் நடந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை; ரேஷன் கடையில் பக்கத்தில் நிற்பவர் சொல்வார், காணவில்லை என்று எழுதிக் கொடுக்கப் போன போலீஸ் நிலையத்தில்கூட ஒரு தாளில் எழுதித்தான் நகர்த்தினாள். அதனால் முதலில் வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது.

"கொம்பையா," என்றாள், பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்கிற அளவுக்கு.

ஒன்றும் ஆகவில்லை. வேலியில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது, கடல் கடலாக இருந்தது. புருஷனை இப்படி மொட்டையாக, தெருவில் விளையாடுகிறவனைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டதை நினைத்து அவளுக்கு வெட்கம் வந்தது, சிரிப்பும் வந்தது. முகத்தைத் துடைத்தாள். முள்ளில் படாமல் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் வாயருகே குவித்து, நெஞ்சில் இருந்த மூச்சு எல்லாவற்றையும் சேர்த்து, தெருவில் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி, தெற்கே பார்த்துக் கூப்பிட்டாள்:

"ஏ, கொம்பையா!"